தலைக்கட்டு

மலைக்கு மாற்றலாகி வருகிறவர்கள் எல்லாரும் வந்த கொஞ்ச நாளிலேயே ஒன்று சொல்வார்கள், மேடம். இந்தத் தண்ணி சேரலை, முடி கொட்டுது என்பார்கள். நீங்களும் சொல்லியிருப்பீர்கள். தண்ணீருக்கும் முடிக்கும் சம்பந்தம் இல்லை. ஊர் மாறுகிறது, தூக்கம் கெடுகிறது, நேரத்துக்குச் சாப்பாடு இல்லை. கொஞ்சம் கொட்டும், பிறகு தானாக நின்றுவிடும். ஆனால் ஆண்களுக்கு நெற்றியின் இரண்டு ஓரமும் மேலே ஏறி, உச்சியில் வட்டமாக விழ ஆரம்பித்தால் அது வேறு. அது அப்பன் வழியிலோ அம்மா வழியிலோ கூடவே வருவது.

என் தம்பி அசோக்குக்கு அப்படித்தான் வந்தது.

டீயைக் குடியுங்கள், இந்தக் குளிரில் சீக்கிரம் ஆறிவிடும். நான் எதையும் மறைக்கப் போவதில்லை. வரிசையாகச் சொன்னால்தான் உங்களுக்கும் புரியும், எழுதுகிற ஏட்டய்யாவுக்கும் சுலபம்.

என் பெயர் ராஜாமணி. ஆனால் இந்த மலையில் அந்தப் பெயரை யாரும் கூப்பிட்டதில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்பதால் குழந்தையிலிருந்து கிழவர் வரைக்கும் எல்லாருக்கும் நான் சிஸ்டர். அக்கா என்று கூப்பிட ஒருத்தன்தான் இருந்தான்.

அப்பா சூசைமாணிக்கம் லாரி ஓட்டினார். வேளாங்கண்ணிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது அப்பாவும் அம்மாவும் ஒரே விபத்தில் போய்விட்டார்கள். அசோக்குக்கு அப்போது பால்பல் விழுகிற வயது. எனக்கு வேலை கிடைத்து இங்கே போட்டிருந்தார்கள். அவனை இடுப்பில் வைக்கிற வயது தாண்டியிருந்தும் இடுப்பில் வைத்துக்கொண்டுதான் மேலே ஏறினேன். வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தான். என் சேலை முழுக்க நனைந்துவிட்டது. எனக்கு அருவருப்பாக இல்லை.

அதற்கப்புறம் எனக்கு ஒரு வரன் வந்தது. ராசிபுரத்துக்காரர், நல்ல மனிதர். தம்பியை ஹாஸ்டலில் சேர்த்துவிடலாம் என்றார்கள். வேண்டாம் என்றேன். வரனைத்தான் வேண்டாம் என்றேன். இதைத் தியாகம் என்று நிறையப் பேர் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்காது. ஒன்றை வைத்துக்கொண்டேன், ஒன்றை விட்டேன். அவ்வளவுதான்.

அசோக் நன்றாகப் படித்தான். இங்கேயே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் ஆனான். கல்லூரி முடிக்கும்போதே முன்னால் முடி ஏற ஆரம்பித்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்தபோது உச்சி தெரிந்தது. பிள்ளைகள் அவனுக்குப் பௌர்ணமி சார் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவனும் சிரிப்பான். வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி முன்னால் நின்று, இருக்கிற முடியை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் இழுத்துப் பார்ப்பான். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் சீப்பை வைத்துவிடுவான்.

முதல் பெண் பார்க்க ஈரோட்டுப் பக்கம் போனோம். கூடத்தில் உட்கார்ந்திருக்கிறோம். பெண்ணின் சித்தி காப்பித் தட்டோடு வந்து, என்னையும் அவனையும் பார்த்து, "ஏனுங்க, மாப்பிள்ளை பின்னால வண்டில வாராருங்களா?" என்று கேட்டாள். அசோக் கைக்குட்டையால் உச்சியைத் துடைத்தான். அவள் புரிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள். அப்புறம் வெளியே வரவே இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அசோக் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தான். மலை ஏற ஆரம்பித்ததும் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டான். சின்ன வயதுக்குப் பிறகு அவன் அப்படிச் சாய்ந்ததே இல்லை. வழுக்கை விழுந்த இடம் என் கன்னத்தில் பட்டது. சில்லென்று, வழவழவென்று இருந்தது. பிறந்த குழந்தையின் தலை மாதிரி. வீட்டுக்கு வந்து கோழி வாங்கிக் குழம்பு வைத்தேன். இரண்டு பேரும் நிறையச் சாப்பிட்டோம். அன்றைக்கு எனக்கு மனசு ஏன் அவ்வளவு லேசாக இருந்தது என்று யோசித்தேன். யோசித்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன்.

அதற்குப் பிறகுதான் சேலத்தில் ஒரு தோல் டாக்டரிடம் போனோம். அவனே விசாரித்து வைத்திருந்தான். நானும் கூடப் போனேன்.

நல்ல டாக்டர். வெங்காயச் சாறு, கரிசலாங்கண்ணி, விளம்பரத்தில் வருகிற எண்ணெய் எதுவும் இதற்குக் கேட்காது என்று நேராகச் சொன்னார். ஆண் ஹார்மோன் ஒன்று முடியின் வேரைச் சுருக்கிக்கொண்டே போகிறது. அதைத் தடுக்க ஒரு மாத்திரை, தினமும். வேருக்கு ரத்தம் கூடுதலாகப் போவதற்குத் தலையில் தடவ ஒரு லோஷன், அதுவும் தினமும். "மொதல்ல இன்னுங் கொஞ்சம் கொட்டும், பயந்துக்காதீங்க. ஆறு மாசமாச்சும் பொறுமையா போடணும். நிறுத்தினா வந்தது போயிரும்" என்றார். மாத்திரையால் சிலருக்குத் தாம்பத்திய ஆசை குறையலாம், அப்படி இருந்தால் சொல்லுங்கள் என்றார். அசோக் காதுவரை சிவந்து தரையைப் பார்த்தான். ரத்தத்தை எடுத்து மெஷினில் சுற்றி, பிரிந்து வருவதைத் தலையில் ஊசியாகப் போடுகிற முறை இருக்கிறது, அது சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. கடைசியாகப் பின்மண்டையிலிருந்து வேரோடு எடுத்து முன்னால் நடுவது. "அதுக்கு இப்ப அவசரமில்லை. உங்க வயசுக்கு மருந்துலயே நல்லாக் கேட்கும். நம்பிக்கையா இருங்க."

நல்லாக் கேட்கும் என்று அவர் சொன்னபோது நான் மருந்துச் சீட்டை வாங்கி என் பையில் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். "மருந்தெல்லாம் எங்கிட்டக் குடு கண்ணு. நீ மறந்துருவே. நான் எடுத்து வைக்கறேன்."

"நீ இருக்கறப்ப எனக்கென்னக்கா" என்றான்.

லோஷனை வீட்டுக்குப் பின்னால் மிளகுக்கொடி ஏறியிருந்த சில்வர் ஓக் மரத்தடியில் ஊற்றினேன். பாட்டிலில் ஸ்பிரிட்டும் தண்ணீரும் கலந்து வைத்தேன். வாடை ஏறக்குறைய ஒன்றுதான். அந்த மரத்துக்கும் இலை ஒன்றும் கூடுதலாக வந்துவிடவில்லை. மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து, வார மாத்திரை டப்பாவில் போட்டுக் கொடுப்பேன். அதில் இருந்தது ஒரு சின்ன வைட்டமின் மாத்திரை. உடம்புக்கு நல்லதுதான். அசலைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். குப்பையில் போடவில்லை. அந்த மாத்திரையை மாசமாக இருக்கிறவர்கள், உடைந்திருந்தால், கையாலும் தொடக் கூடாது. வயிற்றில் இருக்கிற ஆண் குழந்தைக்கு ஆகாது. எங்கள் வரிசையில் குப்பை எடுக்க வருகிற ருக்குமணி அப்போது மாசமாக இருந்தாள். நான் எப்போதும் இதிலெல்லாம் ஜாக்கிரதை.

லோஷனை நான்தான் தடவிவிடுவேன். முற்றத்தில் ஸ்டூல் போட்டு உட்காருவான். வகிடு எடுத்து, சொட்டுச் சொட்டாக விட்டு, விரல் நுனியால் தேய்ப்பேன். பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்வான். எந்தப் பையன் எந்தக் கணக்கில் என்ன எழுதினான், யார் வீட்டில் பலாப்பழம் கொடுத்தார்கள், இப்படி. அந்த மாதங்கள் நன்றாக இருந்தன, மேடம்.

முடி வரவில்லை. டாக்டர் போனில் படத்தைப் பார்த்துவிட்டு, ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்டார். "எங்க அக்கா நர்ஸுங்க சார். ஒரு நாள் தவறினதில்லை" என்றான் அசோக். சிலருக்கு இப்படி ஆகும் என்றார் அவர். மறுபடி இரண்டு இடத்தில் பெண் பார்த்தோம். இரண்டும் தட்டிப்போயிற்று. அவன் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் தொப்பி போட்டுக்கொண்டு வந்து, கோயில் வாசலில் கழற்றுவதா வேண்டாமா என்று நின்றுவிட்டுத் திரும்பிப் போக ஆரம்பித்தான். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் பாவமாக இருப்பது வேறு, மருந்தைக் கொடுப்பது வேறு.

பிறகு எங்கள் ஆஸ்பத்திரிக்கு லேப் டெக்னீஷியனாக மோனிஷா வந்தாள். சேந்தமங்கலத்துப் பெண். சத்தமாகச் சிரிப்பாள். ஒரு காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனைக்கு அசோக்கை நான்தான் அவளிடம் அனுப்பினேன். விரலில் குத்தும்போது கண்ணை மூடிக்கொண்டானாம். "கணக்கு வாத்தியாரே, ஒரு சொட்டுதான், கடன் வாங்கிக் கழிச்சுக்கலாம்" என்றாளாம். அன்று ராத்திரி சாப்பிடும்போது அதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். மறுநாளும் சொன்னான்.

கொஞ்ச மாதத்தில் அவளே என்னிடம் வந்தாள். ட்ரெஸ்ஸிங் அறையில் பஞ்சு மடித்துக்கொண்டிருந்தேன். கூட உட்கார்ந்து இரண்டு பஞ்சு மடித்தாள்.

"சிஸ்டர், உங்களை இனிமே சிஸ்டர்னு கூப்பிடறதா, அண்ணின்னு கூப்பிடறதான்னு தெரியலைங்க."

நான் மடித்த பஞ்சைத் தட்டில் வைத்தேன்.

"எங்க ஊட்ல சம்மதிச்சுட்டாங்க. அவருதான் உங்ககிட்டச் சொல்லக் கூச்சப்படறாரு."

"அவனுக்குத் தலையில முடி இல்லையே" என்றேன். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

அவள் சிரித்துவிட்டாள். "முடியோடயாங்க குடும்பம் நடத்தப் போறேன்? எனக்கு அவரு தலை இருக்கற மாதிரியே போதும். மருந்தையும் நிறுத்தச் சொல்லிட்டேன்."

இது எனக்கு எப்படி இருந்தது என்று நீங்கள் கேட்கலாம். கோபம் இல்லை. மோனிஷா மேல் எனக்கு இப்போதுகூடக் கோபம் இல்லை. ஆனால் நினைத்துப் பாருங்கள். மற்றப் பெண்கள் தலையைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்கள். இவள் தலையைப் பார்க்காமலே வேண்டும் என்கிறாள். இரண்டு பேரும் அவனைப் பார்க்கவில்லை. அவனுடைய தலையில் எங்கே சுழி, எங்கே ஊஞ்சலிலிருந்து விழுந்த தழும்பு என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். அவன் இவளோடு கீழே போய்விடுவான். அவள் மாற்றல் கேட்பாள், அவனும் கேட்பான். அங்கே வெயில், தூசி. அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே நெஞ்சுச் சளி. நான் அதைத்தான் நினைத்தேன்.

முன்பு உங்கள் எஸ்.ஐ. கேட்டபோது, முடி நடுகிற ஆபரேஷன் அசோக்கின் ஆசை என்று சொன்னேன். அது முழு உண்மை இல்லை. அவன் விட்டுவிட்டான். தொப்பியைக்கூடக் கழற்றிவிட்டான். வாசலூர்பட்டி ஏரியில் இரண்டு பேரும் படகில் போய் எடுத்த படத்தை என்னிடம் காட்டினான். வெயிலில் உச்சி பளபளவென்று இருந்தது. அவன் கவலைப்படவே இல்லை.

நான்தான் சொன்னேன்.

"அவ நல்ல பொண்ணு, சொல்ல மாட்டா. ஆனா கல்யாணத்தன்னைக்கு அவ சொந்தக்காரங்க எல்லாம் பேசுவாங்க, சாமி. அவ காதுல விழும். படம் காலத்துக்கும் செவுத்துல தொங்கும். மருந்து கேக்கலைன்னா நட்டுக்கறதுதானே."

அவன் யோசித்தான். "மோனி வேண்டாங்கறா."

"அவளுக்காகத்தானே செய்யறே. அப்புறமா நானே கூட இருந்து பாத்துக்கறேன். லீவு போடறேன்."

ஆபரேஷனுக்குப் பிறகு கொஞ்ச நாள் கட்டு, மருந்து, கவனிப்பு எல்லாம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்த நாட்கள் முழுக்க அவன் என் கையில் இருப்பான் என்பதும் தெரியும். அதற்கு மேல் அப்போது நான் எதையும் நினைக்கவில்லை என்று சொல்லத்தான் ஆசை. நினைத்தேன்.

கோயமுத்தூரில் செய்தோம். சுத்தமான இடம். பின்மண்டையிலிருந்து ஒவ்வொரு வேராக எடுத்து, பொறுமையாக நட்டார்கள். அவர்கள் மேல் ஒரு தப்பும் கிடையாது. ஏட்டய்யா, அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். கேஸில் அவர்களை இழுக்கக் கூடாது. முன்பக்கம் திறந்திருக்கட்டும், கை வைக்காதீர்கள், உப்புத்தண்ணீர் மட்டும் தெளியுங்கள் என்றார்கள். புண் பழுக்காமல் இருக்கக் காப்ஸ்யூல் கொடுத்தார்கள். அந்த வாரமே திரும்பக் காட்ட வரச் சொன்னார்கள்.

வளைவில் வாந்தி எடுத்தால் தலையில் அழுத்தம் கூடும், நட்ட வேர் பிடிக்காது, போட்டோ அனுப்பினால் போதும் என்று அசோக்கிடம் சொன்னேன். வந்த அன்றைக்கே நிறையப் படம் எடுத்து வைத்திருந்தேன். அதிலிருந்து ஒவ்வொன்றாக அனுப்பினேன். நன்றாக இருக்கிறது என்று பதில் வந்தது. குளிர், தூசி என்று சொல்லி முன்பக்கத்துக்கும் சேர்த்துக் கட்டுப் போட்டேன். காப்ஸ்யூலைத் திறந்து உள்ளே இருப்பதைக் கொட்டிவிட்டு, சத்துமாவை நிரப்பி மூடினேன்.

அந்த வாரத்தில் ஒரு நாள் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். திருப்புலி நாடு என்கிற மலைக்கிராமத்திலிருந்து சின்னக்கண்ணு என்று ஒரு பெரியவர் கட்டு மாற்ற வருவார். மிளகு பறிக்க ஏணியில் ஏறும்போது காலில் வெட்டுப்பட்டு, சர்க்கரையும் இருந்ததால் புண் ஆறாமல் பெரிதாகிவிட்டது. கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன் என்று பிடிவாதம். நான் கட்டினால்தான் அவருக்கு ஒத்துக்கொள்ளும். அவர் மனைவி கண்ணாயியும் கூட வருவாள்.

"ஏனுங்க சிஸ்டர், தம்பிக்குக் கண்ணாலமாமா?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றேன். பழைய கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பச்சையாக, கொழகொழவென்று இருந்தது. ஒரு மாதிரி இனிப்பான வாடை.

"தலைக்கு என்னமோ வைத்தியம் பண்ணியிருக்குதாம். முடியில்லாட்டி என்னங்க, நம்ம கேவுரு கதிருக்கு முடியா இருக்குது?" என்றாள் கண்ணாயி. கேழ்வரகு என்பதை அவள் அப்படித்தான் சொல்வாள். பெரியவர் சிரித்தார். நானும் சிரித்தேன். காலைக் கழுவி, மருந்து வைத்து, புதுத் துணி சுற்றினேன். அன்றைக்கு அவருக்கு ரொம்பச் சுத்தமாகக் கட்டினேன்.

பழைய கட்டைக் கிருமிக் கழிவுக்கான மஞ்சள் பையில் போட வேண்டும். அதுதான் விதி. நான் போடவில்லை. இரட்டைக் கவரில் சுற்றி என் சாப்பாட்டுக் கூடையில் வைத்தேன். டிபன் டப்பாவை அதில் வைக்கவில்லை. தனியாக எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது அசோக் ஜன்னலோரம் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தான். வெளியே மஞ்சு இறங்கி, எதிர் வீடு தெரியவில்லை. "வந்துட்டியாக்கா, தலை அரிக்குது" என்றான். ஆறுகிறது, அதுதான் அரிக்கிறது என்றேன். கையைக் கழுவினேன். கையுறை போட்டேன். அவன் தலையைக் குனிந்து கொடுத்தான். முன்னால் எறும்பு வரிசை மாதிரி கறுப்புப் புள்ளிகள், அத்தனையும் நன்றாகப் பிடித்திருந்தன. நான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுக் கட்டினேன். பயம் வரும் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். வரவில்லை. அடுப்பில் பால் பொங்கியது, போய் அணைத்தேன்.

அடுத்த முறை கட்டு மாற்றும்போதும் அதே மாதிரி செய்தேன்.

காய்ச்சல் வந்தது. தலை வீங்கி, வீக்கம் இமைக்கு இறங்கியது. கண் திறக்க முடியவில்லை. மோனிஷா போன் பண்ணினால் தூங்குகிறான் என்றேன். நேரில் வந்தால் வாசலிலேயே பேசி அனுப்பினேன். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையை இப்படிப் பார்க்கக் கூடாது என்றேன். அவளும் வெட்கப்பட்டுக்கொண்டு போனாள். நான் அவன் பக்கத்திலேயே இருந்தேன். கஞ்சி ஊட்டினேன். நெற்றியில் துணி போட முடியாது என்பதால் கைகாலைத் துடைத்துவிட்டேன். "அக்கா, கீழ போயிரலாமா? எனக்கு என்னமோ பண்ணுது" என்றான். "நான் இருக்கறேன்ல" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கினான். இவ்வளவு பாசமாக ஒருவரை நான் வேறு எப்போதும் பார்த்துக்கொண்டதில்லை. நம்புகிறவர்கள் நம்பலாம்.

ஒரு மத்தியானம் நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில் மோனிஷா வந்துவிட்டாள். திரும்பி வரும்போது கதவு திறந்து கிடந்தது. அவள் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தாள். கட்டைப் பிரித்திருந்தாள். முன்பக்கத் தோல் கறுத்து ஓரம் சுருண்டிருந்தது.

அவள் அழவில்லை. குனிந்து முகர்ந்தாள். லேப்பில் இருக்கிறவள் அல்லவா.

"சிஸ்டர், இது சின்னக்கண்ணு ஐயா கால்ல வர்ற வாடைங்க" என்றாள்.

சாதாரணமாகத்தான் சொன்னாள்.  பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் வாங்கி வந்த ரொட்டிப் பாக்கெட்டை மேசையில் வைத்தேன். ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரித் தொற்று என்றால் நம்புவாள். எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. அவள் மேசைக்கு வந்தாள். காப்ஸ்யூல் டப்பாவை எடுத்து ஒன்றை உடைத்தாள். உள்ளங்கையில் கொட்டி நாக்கில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் நூற்றியெட்டுக்குப் போன் பண்ணினாள். ஊர், வீடு எல்லாம் சரியாகச் சொன்னாள். கெட்டிக்காரி.

ஆம்புலன்ஸில் நானும் ஏறப் போனேன். "நீங்க வராதீங்க" என்றாள். அண்ணி என்றும் சொல்லவில்லை, சிஸ்டர் என்றும் சொல்லவில்லை.

சின்னக்கண்ணு ஐயா காலிலிருந்து அவள் எடுத்துக் கொடுத்த சீழிலும், ஆஸ்பத்திரியில் அசோக் தலையிலிருந்து எடுத்த சீழிலும் இருந்த கிருமி ஒன்றுதான் என்று ரிப்போர்ட் வந்திருப்பதாகச் சொன்னீர்கள். ஒன்றாகத்தான் இருக்கும். ஒரே கட்டுத் துணி. ஆமாம், நான்தான் வைத்தேன். தெரிந்துதான் வைத்தேன். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ போடுகிறேன்.

நேற்று ஃபாதர் வந்தார். பாவசங்கீர்த்தனம் செய்கிறாயா அம்மா என்று கேட்டார். வேண்டாம் ஃபாதர் என்றேன். அங்கே பாவத்தைத்தான் சொல்ல வேண்டும். தம்பியை வளர்த்ததை எப்படி அங்கே சொல்வது?

சேலத்தில் இரண்டு ஆபரேஷன் முடிந்துவிட்டது என்றும், தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்திருக்கிறார்கள் என்றும், உயிருக்கு இனி பயமில்லை என்றும் சொன்னீர்கள். நல்லது. அவனைச் சாகவிட நான் நினைத்ததே இல்லை. அந்த இடத்தில் இனி ஒரு முடிகூட முளைக்காது என்று டாக்டர் சொன்னாராம். வேர் இருந்தால்தானே முளைக்கும். ஒரு கண்ணும் சரியாகத் தெரியவில்லையாம். பள்ளிக்கூடத்துக்கு இனி அவன் போக முடியாது. வீட்டில்தான் இருக்க வேண்டும்.

மோனிஷா கட்டிலை விட்டு நகரவே இல்லை என்கிறீர்கள். இருக்கட்டும். சின்னப் பெண். அந்தத் தலையை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நாமும் பார்க்கலாம்.

அவன் வாக்குமூலத்தில் ஒரே வரிதான் சொன்னான் என்று படித்துக் காட்டினீர்கள். "எங்க அக்காவ உள்ள விடாதீங்க." அது மருந்து மயக்கம், மேடம். அந்த ஊசி போட்டால் யாருமே இப்படித்தான் பேசுவார்கள். நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதைப் பெரிதாக எடுத்து எழுத வேண்டாம்.

என்னை எங்கே வைத்தாலும் சரி. ஒன்று மட்டும் கேட்கிறேன். கட்டு மாற்றுகிற நேரத்துக்கு மட்டும் என்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். வேறு யார் கை பட்டாலும் அவனுக்கு வலிக்கும்.